ராயபுரத்து ஆல்பம்: 74 பழைய அஞ்சலட்டைகளை அடையாளம் கண்டு விற்ற விவரம்

துணிக்கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். பைக்குள் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அவர்கள் வீடு. பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது தகரப் பெட்டியில் இது கிடைத்திருக்கிறது. பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் ஆல்பத்துக்கு 3,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். வீட்டில் மூத்தவரான அவனுடைய ஆயா, கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இவனுக்கு மட்டும் மனசு வரவில்லை.

“அங்கிள், நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க. அப்புறம் குடுத்துடறோம்.”

தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய காகிதங்களைப் பார்ப்பதுதான் வேலை: அஞ்சலட்டை, தீப்பெட்டி லேபிள், பழைய பில், காலண்டர். அச்சு எந்த வகை என்று கண் பழகியிருப்பதால் அஞ்சலட்டை எனக்குக் கொஞ்சம் சுலபம். இந்த ஆல்பத்துக்கு நான்கு மாதம் ஆனது. எது எப்படி நடந்தது, எதில் தவறினேன், எது என்ன விலைக்குப் போனது என்று முழுதாக எழுதி வைக்கிறேன். வடசென்னையில் இப்படிப் பரண்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஆல்பத்தில் இருந்தவை

மொத்தம் 74 அட்டைகள். ரங்கூன், பர்மா காட்சிகள் 31. மெட்ராஸ் காட்சிகள் 22. சாமி படங்கள் 9. தாஜ்மகால், காசி, கல்கத்தா என்று வெளியூர்க் காட்சிகள் 8. மீதி 4 அட்டைகள் அச்சில்லை, நேரடியாகப் போட்டோ தாளில் கழுவி எடுத்தவை.

ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் ஆயாவுடைய வீட்டுக்காரரின் தாத்தா. ரங்கூன் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். அவர் அங்கிருந்து வீட்டுக்குப் போட்டவை ஒரு பங்கு. ராயபுரத்திலிருந்து அவருடைய தம்பி ரங்கூனுக்குப் போட்டவை இன்னொரு பங்கு. ஊர் திரும்பும்போது அவற்றையும் கட்டி எடுத்து வந்திருக்கிறார். இரண்டு பக்கத்துக் கடிதமும் ஒரே ஆல்பத்தில் இருப்பது அபூர்வம். முதல் நாளே இதை உணர்ந்திருந்தால் பின்னால் நான் செய்த தவறைச் செய்திருக்க மாட்டேன்.

பின்பக்கம் முதலில்

அஞ்சலட்டையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். நான் திருப்பி வைத்துத்தான் தொடங்குவேன். காலம் சொல்லும் தடயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் பார்ப்பது நடுக்கோடு. ஆரம்ப காலத்தில் அட்டையின் ஒரு முழுப் பக்கமும் முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமானால் படத்துப் பக்கத்தில் ஓரமாக நெருக்கி எழுத வேண்டும். முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் சேதி எழுதிக்கொள்ளலாம் என்று பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. மற்ற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. ஆகவே கோடு இல்லாத பின்பக்கம் என்றால் பழைய அட்டை. இந்த ஆல்பத்தில் அப்படி 6 இருந்தன. எல்லாம் மெட்ராஸ் காட்சிகள்.

அடுத்து தபால்தலை. ஏழாம் எட்வர்டு தலை என்றால் ஒரு காலம், ஐந்தாம் ஜார்ஜ் தலை என்றால் 1911-க்குப் பிறகு. இந்த இடத்தில் தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ரங்கூன் அட்டைல இந்தியா ஸ்டாம்பு ஒட்டியிருக்கே அங்கிள், டூப்ளிகேட்டா?” நல்ல கேள்வி. பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. ரங்கூனிலிருந்து ராயபுரத்துக்கு அட்டை போடுவது உள்நாட்டுத் தபால்தான். அதனால்தான் காலணா, அதாவது மூன்று தம்பிடி ஸ்டாம்பு. இந்தியத் தபால்தலை மேல் தெளிவாக ரங்கூன் முத்திரை விழுந்த அட்டையைத் தபால்தலை சேகரிப்பவர்களும் தேடுவார்கள். ஒரே அட்டைக்கு இரண்டு வகை ஆட்கள் போட்டி போட்டால் விலை தானாக ஏறும்.

பிறகு பதிப்பாளர் பெயர். ரங்கூன் அட்டைகளில் பெரும்பாலானவற்றின் மேல் ‘டி. ஏ. அஹுஜா, ரங்கூன்’ என்று எண்ணோடு இருந்தது. ஸ்வேதகோன் பகோடா, தேக்கு மரம் தூக்கும் யானை, சுருட்டு பிடிக்கும் பர்மியப் பெண் என்று பளிச்சென்ற வண்ணத்தில் ஜெர்மனியில் அச்சடித்து வந்தவை. மெட்ராஸ் அட்டைகளில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் கிளெய்ன் பெயர்கள். ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்ற வரியே காலம் காட்டும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அந்தச் சரக்கு வருவது நின்றுபோனது. கடையில் மீதமிருந்ததைப் பிறகும் விற்றிருப்பார்கள், ஆனால் அச்சடித்தது பெரும்பாலும் அதற்கு முன்புதான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் படம். மெட்ராஸ் படங்களுக்கு நான் வைத்திருக்கும் அடையாளங்கள் எளிமையானவை. தெருவில் மின்சார டிராம் தெரிந்தால் 1895-க்குப் பிறகு. ஹைகோர்ட் கோபுரத்து உச்சியில் கலங்கரை விளக்கு இருந்தால் 1894 அல்லது அதற்குப் பின். ரிப்பன் மாளிகை முழுதாக நின்றால் ஏறக்குறைய 1913-க்குப் பிறகு. தலைப்பில் ‘பிளாக் டவுன்’ என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கறுப்பர் நகரம் என்ற அந்தப் பெயரை 1906-ல் ஜார்ஜ் டவுன் என்று மாற்றினார்கள். பழைய பிளாக்கை வைத்தே பிறகும் அச்சடித்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பித் தேதி போட மாட்டேன். பின்பக்கமும் அதையே சொன்னால் போடுவேன்.

பூதக்கண்ணாடி

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அச்சகத்தில் பிளேட் பார்க்க வைத்திருந்த அதே லென்ஸைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறேன்.

இந்த ஆல்பத்தின் ஹிக்கின்பாதம்ஸ் அட்டை ஒன்றில், கடலில் மசூலாப் படகு (கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஆளும் சரக்கும் ஏற்றிப்போன பழைய படகு) அலைமேல் ஏறும் காட்சி. லென்ஸில் அலையைப் பார்த்தால் புள்ளிக் கட்டம் எதுவும் இல்லை. வெயிலில் வற்றிய ஏரித் தரை வெடித்திருக்குமே, அந்த மாதிரி மிக மெல்லிய சுருக்க ரேகைகள். இது கொலோடைப் அச்சு. கண்ணாடித் தட்டில் ஜெலட்டின் பூசி எடுப்பது, இப்போது வணிக அச்சகங்களில் மிக அரிது. அதே லென்ஸில் அஹுஜா அட்டையைப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். பழைய அட்டையிலும் புள்ளி உண்டு. புள்ளி இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றைய ஆஃப்செட்டில் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்து சின்னச் சின்னப் பூ வளையம் போட்ட மாதிரி இருக்கும். அதுதான் சந்தேகப்பட வேண்டியது.

போட்டோ அட்டையில் புள்ளியும் இருக்காது, ரேகையும் இருக்காது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போவது ஒரே இழைவாக இருக்கும். பழையதாக இருந்தால் இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பிடிக்கும்போது வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு பளபளப்பு தெரியும். நான்கு போட்டோ அட்டைகளிலும் அது இருந்தது.

அவற்றில் இரண்டு ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்கள். மற்ற இரண்டைப் பார்த்ததும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். எண்ணெய் டாங்கியிலிருந்து கரும்புகை, ஓரமாக வேடிக்கை பார்க்கும் ஜனம், நெகடிவில் கையால் எழுதிய வெள்ளை எழுத்தில் ‘எம்டன்’ என்ற பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் பற்றி எரிந்தன. மறுநாளே பட்டணத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். ஆயாவிடம் காட்டினேன். “எம்டனா? எங்க வீட்டுக்காரரத்தானே எல்லாரும் சரியான எம்டன்னு சொல்லுவாங்க” என்றார். அந்த வார்த்தை எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். அந்த டாங்கிகள் எரிந்தது அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்.

நிலைமையும் சேதமும்

கடல்காற்றில் காகிதம் படும் பாடு வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். சில அட்டைகளில் துரு நிறப் புள்ளிகள். சாமி படங்களில் இரண்டை ராமபாணப் பூச்சி ஓரமாக அரித்திருந்தது. பல அட்டைகளை மைதா பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், பூச்சிக்கு அதுவே விருந்து.

ஒட்டிய அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று தம்பி வாளியே கொண்டுவந்துவிட்டான். வேண்டாம் என்று நிறுத்தினேன். பின்பக்கத்தில் இருப்பது ஊற்றுப்பேனா மை. நனைந்தால் சேதியும் போகும், முத்திரையும் கலங்கும். ஆல்பத் தாளை அட்டையைச் சுற்றி வெட்டி எடுத்து, பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே செலுத்தி நிதானமாகப் பிரித்தோம். வர மறுத்த இடத்தில் ஆல்பத் தாள் ஒட்டியபடியே விட்டுவிட்டேன். பின்பக்கம் கொஞ்சம் கறுப்புத் தாள் இருப்பது பெரிய குறையில்லை. மேல்தோல் உரிந்து போவதுதான் குறை.

பெரிய சேதம் பூச்சியால் வந்ததில்லை. ரங்கூன் அட்டைகளில் 12-ல் ஸ்டாம்பைக் கிழித்து எடுத்திருந்தார்கள். முத்திரையில் பாதி அட்டையில், மீதி காணோம். தம்பியின் சித்தப்பா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஸ்டாம்பு சேர்த்திருக்கிறார். அந்த நோட்டும் அதே தகரப் பெட்டியில் கிடைத்தது. உள்ளே அந்த 12 ஸ்டாம்புகளும் இருந்தன, தனியாக விற்றால் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கிடைப்பதே அதிகம். அட்டையோடு இருந்திருந்தால் ஒவ்வொரு அட்டையும் கூடுதலாக 250 ரூபாய் பெற்றிருக்கும்.

திரும்ப ஒட்டிவிடலாமே என்று தம்பி கேட்டான். முத்திரைகூடச் சரியாகப் பொருந்தியது. ஆனாலும் ஒட்டவில்லை. திரும்ப ஒட்டியதை அப்படியே இருந்ததாக விற்பது ஏமாற்று. ஸ்டாம்புகளைத் தனி உறையில் போட்டு, ‘முன்பு கிழிக்கப்பட்டவை, அட்டையோடு சேர்த்துத் தருகிறோம்’ என்று எழுதியே விற்றேன்.

நான் தவறிய இடம்

எல்லா அட்டையையும் விலைவாரியாக மேசையில் பிரித்து வைத்தேன். மசூலாப் படகு, கட்டுமரம் காட்சிகள் மெட்ராஸில் நிறைய அச்சானவை. அதனால் அவற்றை 500 ரூபாய் வரிசையில் வைத்தேன். கோடு, ஸ்டாம்பு, முத்திரை, பதிப்பாளர் எல்லாம் பார்த்தேன். எழுதியிருந்த சேதியை மட்டும் படிக்கவில்லை. விற்பனைக்குப் படம் எடுத்து ஒரு வாங்குபவருக்கு அனுப்பியும்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஆயா ஆட்டோவில் வந்தார், சும்மா பார்க்கலாம் என்று. தம்பி அந்த மசூலாப் படகு அட்டையை எடுத்துப் படிக்க முயன்றான். புள்ளி வைக்காத பழைய கையெழுத்து. லை, னை, ணை எல்லாம் பழைய மாதிரி மேலே துதிக்கை போட்டு எழுதியவை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது தடுமாறும். ஆயா வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஒரே மூச்சில் படித்தார். ராயபுரத்திலிருந்து ஆல்பத்துக்காரரின் தம்பி ரங்கூனில் இருக்கும் அண்ணனுக்கு எழுதியது. அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், பேர் வைக்க வருவதைப் பற்றிப் பதில் எழுதவும்.

அந்தக் குழந்தை ஆயாவின் மாமனார்.

வாங்குபவருக்கு உடனே போன் செய்து அந்த அட்டை விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். பணம் இன்னும் வரவில்லை என்பதால் அவர் பெரிதுபடுத்தவில்லை. பிறகு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, சேதி எழுதியிருந்த அட்டை அத்தனையையும் ஆயா படித்தார், தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான். இரண்டு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். மெட்ராஸ் அட்டைகளில் 3, ஸ்டுடியோ போட்டோக்கள் 2, ஆக 5 அட்டைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சேகரிப்பவர் கணக்கில் அவை ஐந்தும் சேர்ந்து 2,500 தாண்டாது.

இப்போதெல்லாம் யார் ஆல்பம் கொண்டுவந்தாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்து முடித்த பிறகுதான் விலை பேசுகிறேன்.

விற்றது

பார்க்க அழகாக இருப்பதற்கும் விலைக்கும் சம்பந்தம் குறைவு என்பதைக் குடும்பத்துக்குப் புரியவைப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது. தாஜ்மகால் அட்டை கண்ணைப் பறிக்கும். ஆனால் லட்சக்கணக்கான பயணிகள் வாங்கியது, உலகம் முழுக்கக் கிடைக்கிறது. வெளியூர்க் காட்சிகள் எட்டையும் மொத்தமாக 800 ரூபாய்க்குக் கொடுத்தேன். சாமி படங்கள் 1894-ல் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் பெயர் போட்டவை. நல்ல நிலையில் இருந்த 7 அட்டைகள் தலா 400, ஆக 2,800. பூச்சி அரித்த இரண்டையும் அவற்றோடு சும்மா சேர்த்துக் கொடுத்தேன்.

ரங்கூன் அட்டைகளைப் பிரிக்காமல் ஒரே ஆளுக்கு விற்றேன். பெங்களூரில் பர்மா காட்சிகள் மட்டும் சேர்ப்பவர். ஸ்டாம்பு முழுதாக இருந்த 19 தலா 350, கிழிந்த 12 தலா 100, மொத்தம் 7,850. தனித்தனியாகப் போட்டிருந்தால் யானைக்கும் பகோடாவுக்கும் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும், மிச்சம் தேங்கியிருக்கும். ஒரே ஆள் ரங்கூனிலிருந்து ராயபுரத்துக்கு எழுதியவை ஒரே கையில் இருப்பதும் நல்லது என்று நினைத்தேன்.

மெட்ராஸ் அட்டைகளில் சாதாரணமானவை 14, தலா 500, ஆக 7,000. டிராம் ஓடும் தெரு, பிளாக் டவுன் தலைப்பு போட்ட ஒன்று, துறைமுக வேலை, இரண்டு கடைத்தெருக்கள் ஆகிய ஐந்தும் தலா 1,200, ஆக 6,000. மாளிகை, கோவில் படங்களை விட, ஆள் நடமாட்டத்தோடு அடையாளம் தெரியும் தெரு இருந்தால் அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

எம்டன் அட்டைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரண்டுக்கும் 15,000 ரூபாய்க்கு நிகராகத் தருகிறேன் என்றார். கவரில் போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். நான் மறுத்தேன். நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் வரையறை அகலமானது. அட்டையும் அதற்குள் வரும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. உள்நாட்டு ஏலத்தில் விட்டேன். இரண்டும் சேர்ந்து 11,000-க்குப் போயின. ஏலக்காரர் கமிஷன் 15 சதவீதம் போக 9,350.

ஆக மொத்தம் 33,800. பாலியெஸ்டர் உறை, கெட்டி அட்டை, ஸ்பீட் போஸ்ட் செலவு 1,150. மிஞ்சிய 32,650-ல் எனக்குப் பத்து சதவீதம் என்று முதல் நாளே பேசியிருந்தோம், 3,265 எடுத்துக்கொண்டேன். ஆயா கையில் 29,385. எழுதிய கணக்குத் தாளையும் பணத்தோடு கொடுத்தேன். (உறை வாங்கும்போது பிவிசி மட்டும் வேண்டாம். நம்ம ஊர்ச் சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும்.)

கடைசியாக ஒரு அட்டை

இடையில் தம்பிக்கு ஆசை தொற்றிக்கொண்டது. ஆல்பத்தில் ராயபுரம் ரயில் நிலையம் இல்லையே என்று, 1856-ல் திறந்த நம்ம ஸ்டேஷன் ஆயிற்றே என்று, ஆன்லைனில் ஒன்றை 600 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டான். 1905 என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆசையாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

பழுப்பு நிறம் ஓரத்திலும் நடுவிலும் ஒரே சீராக இருந்தது. காலத்தால் பழுத்த அட்டை அப்படிப் பழுக்காது, ஓரம் முந்திக்கொள்ளும். புற ஊதா டார்ச் அடித்தேன். அட்டை பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. வெண்மை கூட்டும் ரசாயனத்தைக் காகிதத்தில் சேர்க்கத் தொடங்கியது 1950-களை ஒட்டித்தான். பக்கத்தில் ஆயாவின் மசூலாப் படகு அட்டையை வைத்து அடித்தால் அது மங்கலாகவே இருந்தது. பிறகு லென்ஸை அவனிடமே கொடுத்து முத்திரையைப் பார்க்கச் சொன்னேன். ரப்பர் ஸ்டாம்போ உலோக முத்திரையோ குத்தினால் மை தாளில் ஊறிப் பரவியிருக்கும். இவன் பார்த்த முத்திரை, தபால்தலை, கையெழுத்து மூன்றும் அதே நான்கு கலர்ப் பூ வளையங்களால் ஆனவை.

கொஞ்ச நேரம் லென்ஸை எடுக்கவே இல்லை. “எல்லாமே புள்ளியா இருக்கு அங்கிள்” என்றான்.

விற்றவரிடம் கேட்டுப் பார்த்தான், பணம் திரும்பவில்லை. படம் நன்றாக இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றான். சரி என்றேன். ஆனால் கொடுப்பதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தில் ‘மறு அச்சு’ என்று பெரிதாக எழுதினேன். பென்சிலில் எழுதினால் யாராவது அழித்துவிடலாம் என்பதால் பேனாவால்.